பழைய ராணுவப் பயிற்சி ஜெட்: சொந்தமா, பங்கா, டிக்கெட்டா?

கெடாவில் பீடோங் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஜெட் சத்தம் புதிதல்ல. தெற்கே பட்டர்வொர்த் விமானத் தளம், வடக்கே கெப்பாலா பத்தாஸில் விமானப்படைக் கல்லூரி, நடுவில் நம்முடைய ரப்பர் காடும் செம்பனையும். ஆஸ்திரேலியர்களின் மிராஜ் போர் விமானம் தலைக்கு மேலே போனதைப் பால்வாளியோடு நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் இன்று தாத்தாக்கள். ஆஸ்திரேலியர்கள் 1988ல் பட்டர்வொர்த் தளத்தை மலேசியாவிடம் ஒப்படைத்துவிட்டார்கள். 1994க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு மலேசிய விமானப்படையின் ஹாக் ஜெட். ஆக, ‘ஒரு நாள் நானும்’ என்கிற ஆசை இந்த ஊரில் கொஞ்சம் அதிகம்தான்.

அந்த ஆசை இப்போது இரண்டு பேர் வழியாகக் கேள்வியாக வந்திருக்கிறது. ஒருவர் தோட்டத்து லயத்தில் பிறந்து, இன்று கிள்ளானில் லோரி கம்பெனி நடத்தும் அண்ணன். பணம் இருக்கிறது, விமானி லைசென்ஸ் இல்லை. இன்னொருவர் சுங்கைப்பட்டாணித் தம்பி, பயணிகள் விமானத்தில் துணை விமானி. லைசென்ஸ் இருக்கிறது, பணம் இல்லை. இருவரும் கேட்டது ஒன்றே: வெளிநாட்டில் ராணுவம் கழித்துப்போட்ட பயிற்சி ஜெட்டைத் தனியார் வாங்கி ஓட்டுகிறார்களே, நாமும் வாங்கலாமா, எதை வாங்கலாம்?

நான் விமான எஞ்சின் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விமானி அல்ல. அதனால் பறக்கும் சுகத்தைப் பற்றி என்னிடம் கவிதை எதிர்பார்க்காதீர்கள். காசு எங்கே கரையும், உலோகம் எங்கே விரிசல் விடும் என்று சொல்ல முடியும்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லாரும் விலையில் ஆரம்பிக்கிறார்கள். விலைதான் இதில் ஆளை ஏமாற்றுவது. பறக்கும் நிலையில் உள்ள செக் நாட்டு எல்-39 பயிற்சி ஜெட், அமெரிக்கச் சந்தையில் சுமார் 200,000 முதல் 400,000 டாலருக்குள் விளம்பரமாகிறது. கோலாலம்பூரில் ஒரு நல்ல வீட்டின் விலை. ‘அட, இவ்வளவுதானா?’ என்று தோன்றும். ஆனால் அந்தத் தொகை உள்ளே நுழைவதற்கு மட்டும்தான்.

நான் முதலில் கேட்பது வேறு: வருடத்துக்கு எத்தனை மணி நேரம் நிஜமாகவே பறப்பீர்கள்? ஆசையில் சொல்லும் எண் வேண்டாம். வேலை, கல்யாணம், தீபாவளி, மழைக்காலம் எல்லாம் கழித்து மிஞ்சுகிற எண் வேண்டும். ஜெட்டைப் பொறுத்தவரை இது காசுக் கணக்கு மட்டுமல்ல, உயிர்க் கணக்கும்கூட. 2015 ஆகஸ்ட் 22ஆம் தேதி இங்கிலாந்தின் ஷோர்ஹாம் விமானக் கண்காட்சியில் ஒரு ஹாக்கர் ஹண்டர் டி.7 வானில் வளையம் போட்டது. அதுவும் இருவர் அமரும் பயிற்சி ரகம்தான். வளையத்தின் உச்சியில் இருக்க வேண்டிய உயரம் இல்லாததால் முடிக்க முடியாமல் நெடுஞ்சாலையில் விழுந்தது. சாலையில் இருந்த 11 பேர் இறந்தார்கள். ஓட்டியவர் மொத்தம் 14,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். ஹண்டரில் மட்டும் அவருடைய கணக்கு 50 மணி நேரத்தைத் தொடவில்லை. தம்பி இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மற்ற அளவுகோல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விமானம் எந்த ஊரில் நிற்கும், நீங்கள் அங்கே போய்ச் சேர எவ்வளவு ஆகும்? ஒரு மணி நேரம்கூடப் பறக்காத வருடத்தில் எவ்வளவு செலவு? வானில் எஞ்சின் நின்றால் என்ன வழி? அலுத்துப்போனால் யார் வாங்குவார்கள்?

## முதலில் ஒரு தடை: ஊரில் வைக்க முடியுமா

‘தோட்டத்தில் இல்லாத இடமா?’ என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. சுங்கைப்பட்டாணியில் ஒரு காலத்தில் போர் விமானத் தளமே இருந்தது. 1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர் குண்டு போட்டபோது ஆஸ்திரேலியர்களின் பஃபலோ விமானங்களும் பிரிட்டிஷாரின் பிளென்ஹைம் விமானங்களும் அங்கேதான் நின்றன. ஆனால் அது புரொப்பெல்லர் காலம்.

எல்-39க்குத் தார் போட்ட ஓடுபாதை 1,500 மீட்டராவது இருந்தால்தான் தனியார் உரிமையாளர்கள் நிம்மதியாக இறங்குவார்கள். நம் மதிய வெயிலில் சூடான காற்று அடர்த்தி குறைந்து, எஞ்சினின் தள்ளுவிசையும் இறக்கையின் தூக்குவிசையும் சேர்ந்து குறையும். ஓடும் தூரம் கூடும். உரம் தூவும் சிறு விமானங்களுக்காகத் தோட்டங்களில் போட்ட மண் பாதைகள் இதற்கு ஆகாது. எல்-39ன் காற்றுவாய்கள் இறக்கைக்கு மேலே உயரமாக இருப்பதால் மண் தரையிலும் ஏறி இறங்கும் என்று விற்பவர் சொல்வார். ராணுவத்துக்கு அது சரி. கல் பட்டு எஞ்சின் கெட்டால் கிடங்கில் இன்னொன்று இருக்கும். உங்களுக்கு?

சரி, விமான நிலையங்கள் உண்டே. லங்காவியின் ஓடுபாதை 3,810 மீட்டர், பினாங்கு 3,352 மீட்டர். நீளத்துக்குப் பஞ்சமில்லை. சிக்கல் இரண்டு. ஒன்று காகிதம். ராணுவத்துக்காகக் கட்டிய விமானத்துக்கு ராணுவம் சாராத பயன்பாட்டுக்கான வகைச் சான்றிதழ் இருக்காது. சாதாரண செஸ்னா சிறு விமானம்போல ‘இந்த ரகம் ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்டது’ என்று விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் காட்ட முடியாது. விசேஷ அனுமதியாகத்தான் கேட்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே ‘லிமிடெட்’ என்ற தனிப் பிரிவு இருக்கிறது. பழைய போர் விமானங்களுக்கான சங்கம் ஒன்று அதை நிர்வகிக்கிறது. பட்டறை, பயிற்றுநர், உதிரிபாகம் எல்லாம் அந்தச் சங்கத்தைச் சுற்றியே வளர்ந்தன. நம் நாட்டில் அப்படி ஒரு சூழல் வளரவில்லை.

இரண்டாவது, ஈரம். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. வெயிலும் ஈரமும் உள்ள ஊரில் ஜெட் எரிபொருளில் பூஞ்சை வளரும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. தொட்டியின் அடியில் சேரும் தண்ணீருக்கும் மேலே நிற்கும் எண்ணெய்க்கும் நடுவில், மண்ணெண்ணெயைத் தின்றே அது வளர்கிறது. தினமும் பறக்கும் பயணிகள் விமானத்தில் தண்ணீரை வடித்து, மருந்து போட்டு அடக்கிவிடலாம். மாதக்கணக்கில் நிற்கும் விமானத்தில் அது வழுவழுப்பாகப் படர்ந்து வடிகட்டியை அடைக்கும், தொட்டியை அரிக்கும். ரப்பர் வளையங்கள் இறுகும். மின் இணைப்புகளில் பச்சை பூக்கும். செக் குடியரசின் குளிருக்குக் கட்டிய விமானத்தை மெர்போக் சதுப்பு நிலத்துக் காற்றில் நிறுத்தினால், அது நிற்கும்போதே தேயும்.

எனவே கீழே வரும் ஜெட் வழிகள் எல்லாவற்றிலும் விமானம் வெளிநாட்டில் நிற்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாரக்கடைசியில் பறக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு பயணி டிக்கெட் எடுக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | எல்-39 தனியாக | ஜெட்டில் பங்கு | யாக்-52 அல்லது சிஜே-6 (புரொப்பெல்லர்) | டிக்கெட் எடுத்துப் பயணம் |
|---|---|---|---|---|
| எரிபொருள், மணிக்கு | உயரத்தில் சிக்கனமாக 500 லிட்டர், தாழ்வாக 700க்கும் மேல் | ரகத்தைப் பொறுத்து, பிரிட்டிஷ் ஸ்ட்ரைக்மாஸ்டர் ஜெட் என்றால் இன்னும் அதிகம் | ஏறக்குறைய 60 லிட்டர் | உங்கள் கவலையல்ல |
| முன் அனுபவம் | ஆயிரம் மணி நேரம் அளவில் | அதேதான் | தனியார் லைசென்ஸும் அந்த ரகத்தில் பயிற்சியும் | தேவையில்லை |
| பறக்காத வருடச் செலவு | முழுவதும் உங்களுடையது | பங்கின்படி | குறைவு | இல்லை |
| விற்பது | மாதங்கள் ஆகலாம் | கூட்டாளிகள் சம்மதம் வேண்டும் | ஓரளவு எளிது | கேள்வியே இல்லை |

## எல்-39ஐத் தனியாக வாங்குவது

இந்த விமானத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. 1968 நவம்பர் 4ஆம் தேதி முதலில் பறந்தது. 2,900 அளவில் கட்டினார்கள். சோவியத் கூட்டணி நாடுகளின் ஒரு தலைமுறை விமானிகள் இதில்தான் ஜெட் பழகினார்கள். மாணவர் முன்னால், பயிற்றுநர் பின்னால் சற்று உயரத்தில். அதிகபட்ச வேகம் மணிக்கு 750 கிமீ. வெளியிலிருந்து வண்டி எதுவும் வராமல் தன் உள்ளே இருக்கும் சிறு டர்பைனை வைத்தே எஞ்சினைக் கிளப்பிக்கொள்ளும். பழகாதவர் கையையும் பொறுத்துக்கொள்ளும் குணம். தனியார் உலகில் இது பரவியதற்கு இதெல்லாம்தான் காரணம்.

அப்புறம்தான் மற்ற கணக்கு. எரிபொருளை அட்டவணையில் பார்த்தீர்கள். உள்ளே கொள்ளுவதே 1,255 லிட்டர்தான். தாழ்வாக விளையாடினால் ஒன்றரை மணி நேரத்தில் தொட்டியின் அடி கண்ணில் பட ஆரம்பிக்கும். வேகத்துக்காக வாங்குகிறீர்களா? அமெரிக்காவில் 10,000 அடிக்குக் கீழே மணிக்கு 463 கிமீயைத் தாண்டக் கூடாது. வேறு பல நாடுகளிலும் இதே போன்ற வரம்பு உண்டு. மேலே ஏறி வேகமாகப் போகலாம், ஆனால் அங்கே மேகத்தைத் தவிர அருகில் எதுவும் இல்லை, வேகம் தெரியாது.

எஞ்சின் பெயர் ஏஐ-25டிஎல். உறுதியானது, ஆனால் மந்தம். சும்மா சுற்றும் நிலையிலிருந்து முழு விசைக்கு வர சுமார் 10 நொடி எடுக்கும். தரையை நெருங்கும்போது விசையை முழுவதும் இறக்கிவிட்டு, ‘ஐயோ, தாழ்ந்துவிட்டேன்’ என்று தள்ளினால், எஞ்சின் வருவதற்குள் தரை வந்துவிடும். தம்பி ஓட்டும் நவீன விமானத்தில் கணினி இதைப் பார்த்துக்கொள்ளும். இதில் பார்க்க ஆளில்லை. இன்னொன்று: இந்த எஞ்சினின் தாய்வீடு உக்ரைனில் உள்ள ஸபோரிஷியா. 2022லிருந்து அந்த ஊர் போர்முனைக்கு அருகில் இருக்கிறது. எஞ்சினை முழுதாகப் பிரித்துச் சீர்செய்யும் நாள் வந்தால் எங்கே அனுப்புவது என்பதை வாங்கும் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். அமெரிக்காவில் சிலர் மேற்கத்திய எஞ்சினைப் பொருத்திக்கொள்கிறார்கள். அது விமான விலையைப் போல இன்னொரு மடங்கையும் தாண்டிப் போகக்கூடிய வேலை.

ஆபத்தில் விமானியை வெளியே வீசும் ‘வெளியேற்றும் இருக்கை’ பற்றி விற்பனை விளம்பரத்தில் படம் இருக்கும், விவரம் இருக்காது. அந்த இருக்கையைத் தள்ளுவது வெடிமருந்துக் குப்பி. அதற்குக் காலாவதி தேதி உண்டு. புதியது கிடைப்பதும், நாடு விட்டு நாடு அனுப்புவதும் தலைவலி. அதனால் பல தனியார் எல்-39களில் இருக்கை செயலிழக்க வைக்கப்பட்டிருக்கும். அதாவது அது வெறும் நாற்காலி. செயல்படும் இருக்கையாக இருந்தாலும், தரைமட்டத்தில் விமானம் மணிக்கு 150 கிமீ வேகத்திலாவது போய்க்கொண்டிருந்தால்தான் அது காப்பாற்றும். ஓடுபாதையிலேயே நின்றபடி தீப்பிடித்தால் இறங்கி ஓட வேண்டியதுதான்.

‘ஆட்களை ஏற்றிக் காசு பார்த்தால் செலவை ஈடுகட்டலாமே’ என்பது அண்ணனின் வியாபார மூளை. அமெரிக்காவில் இது கண்காட்சிக்கான சோதனை வகைச் சான்றிதழில் பறக்கிறது, கட்டணப் பயணிக்கு இடமில்லை. ஆஸ்திரேலியாவில் முடியும். ஆனால் அப்போது நீங்கள் நடத்துவது பொழுதுபோக்கு அல்ல, ஒரு விமான கம்பெனி.

யாருக்குப் பொருந்தும்? ஏற்கெனவே ஆயிரம் மணி நேரமாவது பறந்தவர், ஜெட் நிற்கும் ஊரிலேயே வருடத்தில் பாதி நாள் இருக்கக்கூடியவர், வாங்கிய விலையில் கால்வாசியை வருடாவருடம் போட்டாலும் தூக்கம் கெடாதவர். அந்தக் கால்வாசி என் கைக்கணக்கு. குறைத்துச் சொல்பவர் விற்பவராக இருப்பார்.

## ஜெட்டில் பங்கு போடுவது

இங்கே எனக்குப் பிடித்த விமானங்கள் நம் பக்கத்து வீட்டிலிருந்து வந்தவை. சிங்கப்பூர் விமானப்படை 1969லிருந்து பிரிட்டிஷ் ஸ்ட்ரைக்மாஸ்டரையும், 1984லிருந்து இத்தாலிய எஸ்.211ஐயும் வைத்திருந்தது. இரண்டிலும் பல, ஓய்வுக்குப் பிறகு தனியார் கைக்குப் போயின. எஸ்.211கள் பல ஆஸ்திரேலியாவில் நிற்கின்றன.

ஸ்ட்ரைக்மாஸ்டரும் அதன் அண்ணன் ஜெட் பிரோவோஸ்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் விமானங்கள். கற்றுக்கொள்பவருக்கு இது பெரிய வசதி. பயிற்றுநர் உங்கள் கையைப் பார்க்க முடியும், நீங்கள் அவர் முகத்தைப் பார்க்க முடியும். ஆனால் வைப்பர் எஞ்சின் பழைய பாணி டர்போஜெட், எல்-39 குடிப்பதைவிட அதிகம் குடிக்கும். எஸ்.211ல் இருப்பது பிராட் அண்ட் விட்னியின் ஜேடி15டி. செஸ்னா சைட்டேஷன் வணிக ஜெட்டுகளில் இருக்கும் அதே குடும்பம். உதிரிபாகம், கையேடு, வேலை தெரிந்த ஆள் எல்லாம் சாதாரண விமான உலகத்திலேயே கிடைக்கும். என்னைப் பட்டறைக்காரனாக மட்டும் கேட்டால், ஜெட் என்றால் எஸ்.211 என்பேன்.

பங்கின் மறைவான செலவு மனிதர்களிடம் இருக்கிறது. நான்கு பேர் பங்கு போட்டால் நான்கில் ஒரு பங்கு செலவு என்று நினைப்போம். எஞ்சின் திடீரென்று ஒரு பெரிய தொகை கேட்கும் நாளில், ஒருவர் ‘இப்போது முடியாது’ என்பார். அன்றைக்கு விமானம் கொட்டகையில் நிற்கும், மீதி மூன்று பேரின் பறக்கும் பழக்கமும் அதோடு நிற்கும். யார் எப்போது எவ்வளவு கட்டுவது, விலகினால் பங்கை யாருக்கு விற்பது, விபத்தானால் வழக்கு யார் தலையில் என்பதையெல்லாம் சொந்தக்காரர்களுக்குள்ளும் எழுதித்தான் வைக்க வேண்டும். அண்ணன் தம்பி என்றால் இரண்டு மடங்கு கவனமாக எழுத வேண்டும்.

உலோகக் களைப்பையும் இங்கேதான் சொல்ல வேண்டும். பயிற்சி விமானத்தின் இறக்கை, ராணுவத்தில் இருந்த ஒவ்வொரு நாளும் வளைந்து நிமிர்ந்திருக்கிறது. அந்தக் கணக்கு பெயின்டில் தெரியாது, விமானத்தின் பராமரிப்பு ஏட்டில்தான் தெரியும். 2006 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் ஒரு தனியார் ஸ்ட்ரைக்மாஸ்டரின் இறக்கை களைப்பு விரிசலால் வானிலேயே பிரிந்தது. உள்ளே இருந்த இருவரும் இறந்தார்கள். எஸ்.211 இளையது என்றாலும் வேறு ஆபத்து உண்டு. நண்பர்கள் கையில் இரண்டு ஜெட் இருந்தால் இறக்கையோடு இறக்கை உரசப் பறந்து படம் எடுக்கத் தோன்றும். 2023 நவம்பரில் மெல்பர்ன் அருகே அப்படிப் படம்பிடிக்கப் பறந்த இரண்டு எஸ்.211கள் மோதி, ஒன்று கடலில் விழுந்து இருவர் இறந்தார்கள். கூட்டாகப் பறப்பது தனிப் பயிற்சி. அதைப் பங்கு ஒப்பந்தத்திலேயே தடை செய்துவிடலாம்.

## புரொப்பெல்லர் போர்ப்பயிற்சி விமானம்: யாக்-52, சிஜே-6

ஜெட் கேட்டு வந்தவரிடம் இதைச் சொன்னால் முகம் சுருங்குகிறது. சுருங்கட்டும்.

யாக்-52 சோவியத் வடிவமைப்பு, ருமேனியாவின் பக்காவு ஆலையில் கட்டியது. 1976ல் முதலில் பறந்தது. 360 குதிரைசக்தி, ஒன்பது சிலிண்டர் வட்ட எஞ்சின். சிஜே-6 சீனர்களின் சொந்த வடிவமைப்பு, 285 குதிரைசக்தி, பல பத்தாண்டுகளாகச் சீன விமானப்படையின் தொடக்கப் பயிற்சி விமானம். இரண்டும் ஒருவர் பின் ஒருவர் உட்கார்ந்து ஓட்டுபவை. இரண்டும் அழுத்திய காற்றால் எஞ்சினைக் கிளப்புகின்றன, சக்கரத்தை மடக்குகின்றன, பிரேக் போடுகின்றன. தரைக்கு வரும்போது அந்தக் காற்றின் ‘புஸ்ஸ்’ சத்தம் கேட்காமல் போனால் கவலைப்படுங்கள்.

விலை எல்-39ன் பாதிக்கும் கீழே. எரிபொருள் எட்டில் ஒரு பங்கு. யாக்-52 கரணம் போடவே பிறந்தது, ஏழு மடங்கு புவியீர்ப்பைத் தாங்கும். சக்கரம் மடங்கினாலும் பாதி வெளியே நிற்கும். மாணவன் சக்கரத்தை இறக்க மறந்து வயிற்றால் இறங்கினாலும் பெரிய சேதமில்லாமல் இருக்கவே அப்படிக் கட்டினார்கள். என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு விவரம் போதும், அதைக் கட்டியவன் மாணவனைத் தெரிந்தவன். ஊர் விட்டு ஊர் போக சிஜே-6 மேல். நிதானம் அதிகம், சக்கரம் முழுவதும் உள்ளே போகும்.

மறைவான செலவு இதிலும் உண்டு. வட்ட எஞ்சினில் நின்றிருக்கும்போது எண்ணெய் கீழ் சிலிண்டர்களில் இறங்கித் தேங்கும். அதைப் பார்க்காமல் கிளப்பினால் பிஸ்டன் திரவத்தை அழுத்த முடியாமல் இணைப்புத் தண்டு வளையும். அதனால் ஒவ்வொரு முறையும் புரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். சோம்பல்பட்டால் ஒரு எஞ்சின் விலை. அடுத்தது, இது குடிப்பது ஏவ்காஸ் என்ற விமானப் பெட்ரோல். ஜெட் எரிபொருள் போல எல்லா விமான நிலையத்திலும் கிடைப்பதில்லை, விலையும் அதிகம். வெளியேற்றும் இருக்கை கிடையாது. பாராசூட்டை முதுகில் கட்டிக்கொண்டு, மூடியைத் தள்ளி, தானே குதிக்க வேண்டும். ஆனால் தரையை நெருங்கும் வேகம் ஜெட்டைவிட மிகக் குறைவு என்பதால், எஞ்சின் நின்றால் ஒரு வயலையோ புல்வெளியையோ தேடிப் பிடிக்க வாய்ப்பு இருக்கிறது. செம்பனைத் தோட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம். மேலிருந்து பார்த்தால் பச்சை மெத்தை, உள்ளே எல்லாம் கல்லுத் தூண் மாதிரி மரம்.

மாதம் இரண்டு மணி நேரம் பறக்க வேண்டும், அதைக் கடன்படாமல் செய்ய வேண்டும் என்றால் இதுதான்.

## டிக்கெட் எடுத்து ஏறுவது

ஆஸ்திரேலியாவில் எல்-39 பின்னிருக்கையிலோ ஸ்ட்ரைக்மாஸ்டர் பக்கத்து இருக்கையிலோ அரைமணி நேரம் போல ஏற்றிக்கொண்டு போகிறார்கள். சில ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர். ஆபத்தை விளக்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, மேலே போனதும் கட்டுப்பாட்டுக் கம்பியைச் சில நிமிடம் உங்கள் கையில் கொடுப்பார்கள். காலையில் ரொம்பப் பசியாற வேண்டாம்.

வாங்குவதா வேண்டாமா என்று தவிப்பவர் முதலில் செய்ய வேண்டியது இதைத்தான். ஒரு முறை போனவுடன் ஆசை அடங்குவோரும் உண்டு, தலைசுற்றி ‘போதும் சாமி’ என்போரும் உண்டு. ஏற்றிச் செல்லும் ஆளிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: கடந்த மூன்று மாதத்தில் இதே விமானத்தில் நீங்கள் எத்தனை மணி நேரம் பறந்தீர்கள்?

## பறக்காத ஜெட்

அண்ணனுக்கு இன்னொரு யோசனை: பழைய ஜெட் ஒன்றை வாங்கி, தான் படித்த தமிழ்ப்பள்ளி வளாகத்தில் நிறுத்துவது. எனக்கு இது பிடித்திருக்கிறது. பறக்கத் தகுதியில்லாத உடல்கள் மலிவு. இங்கிலாந்தில் ஜெட் பிரோவோஸ்ட்டின் விமானி அறையை மட்டும் வெட்டி விற்கிறார்கள், ஒரு கொள்கலனில் அடங்கும். மேலே கூரை போட வேண்டும், இல்லையென்றால் இரண்டு மழைக்காலத்தில் துரு. இருக்கையில் வெடிமருந்து இல்லை என்று எழுத்தில் வாங்க வேண்டும். ஒரு பிள்ளை உள்ளே உட்கார்ந்து கைப்பிடியை இழுக்கத்தான் செய்யும்.

## இந்த இருவருக்கும்

அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டதில் ஒரு மூன்றாவது திட்டம் முளைத்திருக்கிறது: அண்ணன் பணம் போடுவார், தம்பி ஓட்டுவார், அண்ணன் பின்னிருக்கையில். கேட்க அழகாக இருக்கிறது. எனக்கு அதிகம் பயம் தருவது இந்தத் திட்டம்தான். வானிலை சரியில்லை, இன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர் தம்பி. பின்னால் இருப்பவர் கிள்ளானிலிருந்து டிக்கெட் போட்டு வந்த முதலாளி. ‘என்ன தம்பி, இவ்வளவு தூரம் வந்துட்டோம், ஒரு ரவுண்டு’ என்பார். அதற்கு ‘முடியாதுண்ணே’ என்று சொல்லும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு இல்லை. இதையே செய்ய வேண்டுமென்றால், பறப்பதா இல்லையா என்ற முடிவில் பணம் போட்டவருக்குப் பேச்சே கிடையாது என்று எழுதிவிட வேண்டும். மூன்றாவது ஆளாக, அந்த ரகத்தில் ஊறிய ஒரு பயிற்றுநர் முதல் வருடம் முழுவதும் கூடவே இருக்க வேண்டும்.

தனித்தனியாகக் கேட்டால்: அண்ணன் இந்த வருடம் டிக்கெட் எடுத்து ஏறட்டும். ஆசை நிலைத்தால் தனியார் லைசென்ஸுக்குச் சேரட்டும். அதற்குக் குறைந்தது 40, 45 மணி நேரம் பறக்க வேண்டும். ஐம்பது வயதில் அதை முடிப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் லோரி கம்பெனியை நடத்திக்கொண்டே முடிப்பது கடினம். முடித்தால் சிஜே-6. எல்-39ஐ அவர் வாங்குவதற்கு நான் கூடப் போக மாட்டேன். தம்பிக்கு யாக்-52ல் பங்கு. தானியங்கிக் கருவி பழக்கிய கையை அது நேராக்கும். கேப்டன் ஆகி, சம்பளமும் கூடி, பெர்த் பக்கம் அடிக்கடி போகும் வேலை அமைந்தால், அப்போது எஸ்.211 பங்கைப் பற்றிப் பேசலாம்.

## முன்பணம் கொடுக்கும் முன்

ஜெட்டோ புரொப்பெல்லரோ, விற்பவரிடம் முதலில் விமானத்தைக் காட்டச் சொல்லாதீர்கள். ஏடுகளைக் காட்டச் சொல்லுங்கள். எஞ்சினுக்குப் பறந்த மணி நேரம் மட்டுமல்லாமல் வருடக் கணக்கிலும் வரம்பு இருக்கும். ‘மொத்தமே 300 மணி நேரம்தான் ஓடியிருக்கு’ என்று பெருமையாகச் சொல்லும் எஞ்சின், இருபது வருடம் பெட்டியில் கிடந்ததாக இருக்கலாம். ஏடு ரஷ்ய மொழியிலோ சீன மொழியிலோ இருந்தால் சொந்தச் செலவில் மொழிபெயர்க்க வையுங்கள், விற்பவர் தரும் மொழிபெயர்ப்பு வேண்டாம். வால் பகுதியில் இருக்கும் உற்பத்தி எண்ணும் ஏட்டில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். இரண்டு விமானங்களைச் சேர்த்து ஒன்றாக்கியவையும் சந்தைக்கு வருகின்றன.

விமானம் எந்த நாட்டிலிருந்து வெளியேறுகிறதோ அந்த நாட்டின் ஆயுத ஏற்றுமதி அனுமதி யார் பெயரில், யார் செலவில் என்பதை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் உங்கள் பறப்பு மணி நேரத்தைச் சொல்லி, விலை கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். மூன்றாம் நபருக்கான இழப்பீட்டுக் காப்பீட்டைக் கம்பெனி தர மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். கடைசியாக, எஞ்சினுக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்க்கும் ஆளை நீங்களே தேடிக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். அரை நாள் வேலை. விற்பவர் அதற்கு நேரமில்லை என்றால், அன்றே ஊர் திரும்பும் டிக்கெட்டைப் போட்டுவிடுங்கள்.